வேலணை லொறியும் அதன் தீச்சுவரும்

கணினி வந்த பிறகு ‘தீச்சுவர்’ என்ற சொல் தமிழர்களுக்குப் பழகிவிட்டது. வலைப்பின்னலுக்குள் வேண்டாதவை நுழையாமல் தடுப்பது என்று உயர்தர வகுப்பு மாணவர் எவரும் சொல்லிவிடுவார். கணினிக்கு முன்பே அந்தச் சொல் மோட்டார் வண்டியில் இருந்தது. அதற்கும் முன்னே கட்டடங்களில் இருந்தது. வண்டியில் அது வெறும் இரும்புத் தகடு. எஞ்சினுக்கும் சாரதி அமரும் அறைக்கும் நடுவே செங்குத்தாக நிற்பது. எஞ்சினில் தீப்பற்றினால், அது சாரதியின் முழங்காலை எட்டுமுன் சிறிது நேரமேனும் தடுத்து நிறுத்துவது அதன் கடமை. அமெரிக்கர் அதைத் தீச்சுவர் என்றார்கள். ஆங்கிலேயர், கப்பலின் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக்கு வழங்கிய பெயரையே அதற்கும் வைத்தார்கள். தீவுப்பகுதிக்கு இந்த இரண்டாவது பெயரே பொருத்தம் என்பது என் எண்ணம். வேலணையில் அந்தத் தகட்டைச் செப்பனிட்ட முதியவருக்கோ இரண்டு பெயரிலும் அக்கறையில்லை. ‘முன்தகடு’ என்பார், அத்துடன் சரி.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் வாகனங்களைப் பற்றி நான் எழுதியவை பெரும்பாலும் விபத்துச் செய்திகளே. ஆகவே, நண்பர் ஒருவரின் மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “அங்கிள், எங்கட பழைய லொறியைத் திருத்துறம். நீங்கள் ஒருக்கால் போய்ப் பாத்துச் சொல்ல வேணும்” என்று கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நண்பர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய துணைவியார் வேலணையில் தனியே இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் போனால் அதிக நேரம் எடுக்காது. போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தடவை போகலானேன்.

லொறி, பெட்போர்ட் ‘ஓ’ வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்திய வண்டி அது. உலகப்போரில் அதன் இராணுவ வடிவங்கள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் 1953 வரை பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. மூன்றரை லீற்றர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். நண்பரின் தந்தை வாங்கியது. வேலணைப் புகையிலையும் வெங்காயமும் யாழ்ப்பாணத்துக்குப் போகும். திரும்பும்போது அரிசியும் ஓடும் வரும். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த தீவார்களின் வீட்டுச் சாமான்களும் அதில் ஏறியிறங்கியதுண்டு.

அந்தக் காலத்து லொறிகளில் பல முழு உருவத்தில் கப்பலேறி வரவில்லை. சக்கரம், சட்டகம், எஞ்சின், முன்மூக்கு, அதன் பின்னே இந்தத் தீச்சுவர், அவ்வளவோடு வந்தன. தீச்சுவருக்குப் பின்னாலுள்ள சாரதியறையையும் சாமான் பெட்டியையும் உள்ளூர்த் தச்சர்களே கட்டினார்கள். வேலணை லொறியின் அறைக்கு வன்னியிலிருந்து வந்த முதிரை மரத்தில் சட்டம், வெளியே தகடு. பொருத்துகளைப் பார்த்தால் வீட்டுத் தச்சு வேலையாகத் தெரியவில்லை, வள்ளம் கட்டுகிறவர்களின் கைவேலையாகத் தெரிகிறது. அதில் அதிசயமில்லை. ஊர்காவற்துறை ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் வந்துபோன துறைமுகம். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச்சேர்ந்தது. கப்பல் கட்டிய நாட்டில் ஒரு லொறிக்கு அறை கட்டுவது பெரிய காரியமா என்ன?

இதனால் ஒன்று விளங்குகிறது. அந்த அறையில் இங்கிலாந்தில் செய்தது இந்த ஒரு தகடு மட்டுமே. லூட்டனின் இரும்பு முடிந்து எங்கள் மரம் தொடங்கும் இடம் அது. வண்டி உக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

அதற்குக் காரணமுண்டு. தீவுகளில் சோளகம் வீசும் மாதங்களில் கடல் உப்பு காற்றில் பறந்துவந்து படியும். வாடை மழை அதைக் கழுவுவதில்லை. கரைத்து இடுக்குகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெளித்தகடு வெயிலில் காய்ந்துவிடும். மரமும் இரும்பும் ஒட்டிநிற்கும் இடம் காய்வதேயில்லை. மரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மரத்திலிருந்து கசியும் மென்மையான அமிலமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். முன்தகட்டின் மேல் பாதி ஏறக்குறைய நல்ல நிலையில் இருந்தது. கீழே, சாரதியின் பாதம் படும் சாய்தகட்டோடு அது சேரும் இடத்தில், திருகாணிமுனையால் குத்தினால் அப்பளம்போல் உடைந்தது. மின்கலம் இருந்த பக்கம் இன்னும் மோசம்.

தகட்டின் உட்புறத்தில் சூடு தடுக்க ஒரு தடித்த பாய் ஒட்டப்பட்டிருந்தது. இந்த வேலையில் இறங்குகிற வாசகர் யாராவது இருந்தால் ஒரு சொல்: அக்காலத்து வண்டிகளின் வெப்பத் தடுப்புப் பாய்களில் கல்நார் இருப்பதுண்டு. அதைக் காய்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. தூசு சுவாசப்பையில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். நன்றாக நனைத்து, முகக்கவசம் அணிந்து, துண்டு துண்டாகக் கழற்றிப் பையில் கட்டினோம். முதியவருக்கு முகக்கவசம் பிடிக்கவில்லை. கொரோனாக் காலத்திலேயே போடாதவர்.

பாய் போனதும் தகடு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. அதிலிருந்த துளைகளை நான் எண்ணினேன், செய்தியாளனின் பழக்கம். சுக்கான் தண்டு, மிதிகள், வேகமானியின் கம்பி, மின்கம்பிக் கட்டு ஆகியவற்றுக்காகத் தொழிற்சாலையில் இட்ட துளைகளை விட்டுவிட்டால் மேலும் ஒன்பது இருந்தன. எல்லாம் இங்கே விழுந்தவை. ஒன்று ஊதுகுழல் கம்பிக்கு. மூன்று, யாரோ ஒரு காலத்தில் சிறு மின்விசிறி பூட்டிய அடையாளம். வலப்பக்கத்தில் பென்சில் பருமனில் இருந்த இரண்டு துளைகளைத் தொட்டுக்காட்டி முதியவர் சிரித்தார். “இது மண்ணெண்ணெய்க் காலம், தம்பி.”

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது இந்த லொறி சுன்னாகம் சந்தையில் நின்றது. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையில் இருந்ததால் அதனருகிலிருந்து தொடங்கும் பண்ணைப் பாதையில் போக முடியவில்லை. லொறி குடாநாட்டில் தங்கிவிட்டது. ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்க, குடும்பம் அராலிப் பக்கமாக வள்ளத்தில் கடந்து லொறி நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. பின்பு ஐந்தாண்டுகள் அந்த லொறியே அவர்களுக்குச் சோறு போட்டது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள். யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை அந்நாட்களில் அங்கிருந்தவர்கள் அறிவார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் இன்றைய கார்களைவிட மிகக் குறைவு; அதனால் இதைத் தாங்கின. தாங்கின என்றாலும் இருமின, புகைத்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கியது.

நண்பர் தமது இருக்கைக்கு முன்னே ஒரு போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து மெல்லிய குழாயை முன்தகட்டில் துளையிட்டு எஞ்சினுக்குக் கொண்டுபோயிருந்தார். பெற்றோல் போத்தல் சாரதியறைக்குள்! தீயைத் தடுக்க வைத்த சுவருக்கு இந்தப் பக்கத்தில் தீயைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஐந்தாண்டுகள் ஓட்டியிருக்கிறார். பெற்றோல் துளிக்கணக்கில் கிடைத்த காலத்தில் அதைக் கண்பார்வையில் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று அவர் நினைத்திருப்பார்.

இன்னொரு துளை இடப்பக்கத்தில், சற்றுக் கீழே. அதை ஒரு தகரத்துண்டு மூடியிருந்தது. மின்சாரமும் இல்லை, ஒட்டுவதற்கு வாயுவும் இல்லை என்ற காலத்தில் ஆணியறைந்து மடக்கிய ஒட்டு. சுரண்டியபோது எண்ணெய்த் தகரம் என்று தெரிந்தது. அச்செழுத்தின் மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. தகரத்தை நீக்கினால் உள்நோக்கி மடிந்த விளிம்புடன் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

இந்தத் துளையில்தான் பிரச்சினை தொடங்கியது.

கனடாவிலுள்ள மகன் வேலைக்குச் செலவழிக்கிறவர். அவருடைய விருப்பம் தெளிவானது. உக்கியது எவ்வளவு என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். முன்தகட்டை முழுமையாக வெட்டி அகற்றிவிட்டு, அளவெடுத்துக் கொழும்பில் புதிதாகச் செய்வித்துப் பூட்டவேண்டும். “அப்பப்பா வாங்கேக்க இருந்த மாதிரி வேணும் அங்கிள். அந்த ஓட்டையளைப் பாக்க எனக்கு விருப்பமில்லை.” பணத்திமிரில் பேசும் பேச்சல்ல இது. குண்டுவீச்சில் சிதறிய இரும்புத்துண்டு ஒன்று எஞ்சின் பக்கத்திலிருந்து அந்தத் தகட்டைத் துளைத்துவந்து அவருடைய தந்தையின் இடது காலில் தைத்தது. அதற்குப் பிறகு நண்பர் நேராக நடந்ததில்லை. மகன் அப்போது பாடசாலை மாணவன். வண்டிக்குப் பக்கத்தில் நின்றவன்.

முதியவர் மறுத்தார். அவருடைய மறுப்புக்கும் உணர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. “முழுசா வெட்டுறது அரைநாள் வேலை. பிறகு கதவு பூட்டாது.” நான் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் எடுத்தது. சாரதியறையின் முன்தூண்கள் இரண்டும் இந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. கதவுகளின் பிணைச்சல்கள் அந்தத் தூண்களில் நிற்கின்றன. எழுபது ஆண்டுகளில் மரமும் இரும்பும் சேர்ந்து சற்றே சரிந்து, ஒரு புதிய நிலையில் அமைதி கண்டிருக்கின்றன. நடுவிலிருந்து தகட்டை எடுத்தால் அறை விரிந்துவிடும். அளவு சரியாகச் செய்த புதிய தகடு அந்தச் சரிந்த அறைக்குப் பொருந்தாது. உலகெங்கும் பழைய வண்டிகளைத் திருத்துகிறவர்கள் வெட்டுமுன் கதவு வாயில்களில் குறுக்குச் சட்டம் பற்றவைத்து இறுக்குவது இதற்காகத்தான். மரச்சட்டத்தில் எதைப் பற்றவைப்பது?

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. என்னிடம் கேட்கப்பட்டதால் சொன்னேன். பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. டூரின் சாசனம் என்பது அதன் பெயர். பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றம் மட்டுமல்ல, வண்டி உழைத்த காலத்தில் அதில் ஏற்பட்ட மாற்றங்களும் அதன் வரலாறே என்பது அதன் அடிப்படை. புதிதாகச் சேர்ப்பது எதுவென்று பின்னால் பார்ப்பவருக்கு அடையாளம் தெரியவேண்டும் என்றும் அது கேட்கிறது. மகனுக்கு இதை மின்னஞ்சலில் விளக்கினேன். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார்: அந்தச் சாசனத்தை எழுதியவர்களின் அப்பாமார் எவருக்கும் காலில் இரும்பு ஏறியிருக்காது. இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மறுமொழி சொன்னவர் அவருடைய தாயார். நாங்கள் இருவரும் வாதாடுவதைத் தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் முன்தகட்டின் அருகே வந்து நின்று அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “டொக்டர் எனக்குச் சொன்னவர் தம்பி. இரும்பு வேகம் குறைஞ்சு வந்ததாலதான் கால் மிஞ்சினது எண்டு. இது மறிச்சிருக்காட்டி முழங்காலோட போயிருக்கும். பிறகு எண்ணெய்த் தகரத்தை வெட்டித் தந்ததும் நான்தான்.” பிறகு மகனோடு தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் மகனிடமிருந்து செய்தி வந்தது: மேல் பாதி இருக்கட்டும், எஞ்சின் பக்கம் வழவழப்பாக இருக்கவேண்டும், உள்ளே அம்மாவின் விருப்பம்.

அரை உடன்பாடு. என்னைக் கேட்டால் இருபுறமும் அப்படியே விட்டிருப்பேன்.

வேலை நான்கு மாதம் நடந்தது. முதியவர் சாரதியறையின் நான்கு மூலைகளுக்கும் நூல் பிடித்து, குறுக்கே முதிரைச் சட்டங்களை ஆணியறையாமல் ஆப்பு வைத்து இறுக்கினார். ஒவ்வொரு நாள் காலையிலும் கதவுகளை மூடித் திறந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவார். கீழ்ப்பகுதியை ஒரேயடியாக வெட்டவில்லை. ஒரு சாண் அகலம் வெட்டுவது, அட்டையில் அச்செடுப்பது, புதிய தகட்டை மணல் பைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டி வளைப்பது, பொருத்தி ஒட்டுவது, பிறகு அடுத்த சாண். மெல்லிய தகட்டில் வாயு விளக்கை ஓரிடத்தில் சற்று அதிகம் பிடித்தால் அது நெளிந்து அலையாகிவிடும். அவர் அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாக வைத்து, நடுவில் ஈரத்துணியால் குளிரவைத்து, ஒரு வெற்றிலை போட்டு முடித்து வருவார். இப்போதைய கராஜ்களில் நெளிந்த இடத்தைப் பட்டியால் நிரப்பி நிறமடித்துவிடுகிறார்கள். உப்புக்காற்றில் பட்டியின் அடியில் துரு வளர்ந்து இரண்டு மாரி கழிய உரிந்து விழும். அவரிடம் வேலை பழக வந்த இளைஞர் ஒருவர் மூன்று வாரத்தில் போய்விட்டார்; ஜப்பானிய வண்டிகளில் நாட்சம்பளம் கூட. குறை சொல்லவியலாது.

மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்துக்கு என்ன செய்வது என்று நான் இணையத்தில் தேடி, பலவகைப் பசைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு போனேன். அவர் அதற்குள் சாக்குத்துணியைத் தாரில் தோய்த்து நடுவே வைத்து முடித்திருந்தார். கீழே நீர் வடிய மூன்று சிறு வழிகளும் விட்டிருந்தார், தொழிற்சாலை விடாதவை.

தார் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. லொறியின் பழைய இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகள்தாம் இருக்கின்றன. 1957 சனவரியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துடன் வாகன இலக்கங்கள் அறிமுகமாகுமுன் பதிவான வண்டி. தமிழரசுக் கட்சி அந்த எழுத்தை எதிர்த்துப் போராடியதும், 1958இல் ‘ஸ்ரீ’ பொறித்த பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது தார்வாளியோடு இளைஞர்கள் வீதிக்கு இறங்கியதும், பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகள் தார் பூசப்பட்டதும், அவ்வாண்டு ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதும் வரலாறு. நண்பர் தம் லொறி ‘ஸ்ரீ’க்கு மூத்தது என்று பெருமையாகச் சொல்வார். அந்த இலக்கம் பிழைத்ததற்கும் முன்தகடு ஒரு காரணம். வண்டியின் தொடரிலக்கம் பொறித்த சிறு தகடு அதில்தான் தறைந்திருக்கிறது. சட்டகத்தில் அடித்திருந்த இலக்கம் துருவில் பாதி அழிந்துவிட்டது. முன்தகட்டை வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால், பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் மிஞ்சியிராது. காணித் தோம்பு தொலைந்தவர்கள் நிறைந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. மகன் இதைக் கேட்டபோது, “முதலே சொல்லியிருக்கலாமே அங்கிள்” என்றார். வாயுவிளக்கு வேலை தொடங்கிய பிறகே எங்களுக்கும் தெரிந்தது. தகட்டின் மேல் அவ்வளவு கறுப்பு மை.

எஞ்சின் பக்கம் மகன் கேட்டபடி வழவழப்பாக இருக்கிறது. இரும்பு நுழைந்த துளைக்கு உட்புறத்திலிருந்து புதிய வட்டத்தகடு ஒட்டி, வெளியே மட்டமாக்கி, சாம்பல் நிறம் அடித்தாகிவிட்டது. உள்ளே அந்த ஒட்டின் மேல் எண்ணெய்த் தகரத்தைப் பழைய ஆணித் துளைகளிலேயே திரும்பப் பூட்டி, நிறமில்லாத வார்னிஷ் பூசியிருக்கிறார். இடப்பக்கத்தில் சற்றுக் குனிந்து பார்த்தால் மஞ்சள் எழுத்து தெரியும். மண்ணெண்ணெய்க் குழாயின் துளைகளில் ஒன்றை அடைத்துவிட்டு, மற்றதைப் புதிய மின்கம்பிக்கு எடுத்துக்கொண்டார். நல்ல துளையை வீணாக்குவானேன் என்பது அவர் நியாயம்.

கதவுகள் இரண்டும் ஒரே தட்டில் பூட்டுகின்றன. கண்ணாடி இன்னும் வரவில்லை. எஞ்சின் இறுகிப்போயிருக்கிறது, ஊர்காவற்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் ஒருவர் வந்து சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டுப் போயிருக்கிறார். மகன் ஆடி மாதத்தில் வருகிறார். ஒன்பது துளைகளில் எட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒன்பதாவது, சாரதியின் வலது முழங்காலுக்கு நேரே இருப்பது, எதற்கென்று தாயாருக்கும் தெரியவில்லை, முதியவருக்கும் தெரியவில்லை. மழை வராமல் அதற்கு ஒரு றப்பர் மூடி போட்டிருக்கிறார்.